மருந்துக்கடை வாசலில் துவக்குக் காவல் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடமாக ஒரு சிறிய பாமசி நடத்துகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு நாள் இரவு எட்டே முக்கால் இருக்கும். ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டோம். தலைக்கவசம் போட்ட இரண்டு பொடியன்கள் வாளோடு குனிந்து உள்ளே வந்தார்கள். லாச்சியில் இருந்த காசையும் தட்டில் இருந்த இரண்டு பெட்டிக் குளிசையையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்கள். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. யாருக்கும் வெட்டு விழவில்லை. ஆனால் அன்று என்னோடு நின்ற பிள்ளை அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து மற்றக் கடைக்காரரும் சொந்தக்காரரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: துவக்கோடு ஒரு செக்யூரிட்டியைப் போட்டால் என்ன? அண்மையில் எங்கள் வீதிக் கடைக்காரர் கூடியபோதும் இந்தக் கதைதான். நான் வாசித்ததையும் விசாரித்ததையும் பட்டதையும் வைத்து இங்கே பதில் எழுதுகிறேன். சில்லறை மருந்துக்கடைக்கு துவக்குக் காவல் வேண்டாம் என்பது என் முடிவு. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துவக்கோடு ஒருவர் நின்றால் கள்ளன் பயந்து வரமாட்டான்தானே?

சிலர் வரமாட்டார்கள், உண்மை. ஆனால் யார் வராமல் போவான் என்று பார்க்க வேண்டும். லாப நட்டம் பார்த்து, நாளைக்கும் உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைப்பவன் திரும்பிப் போவான். போதைக் குளிசை கிடைக்காமல் உடம்பு நடுங்கி வியர்த்துக்கொண்டு வருபவனுக்கு அந்த நிதானம் இருக்காது. நகைக்கடைக்கு இவன் போகமாட்டான், எங்களிடம்தான் வருவான். பாமசியின் பிரச்சினை மற்றக் கடைகளின் பிரச்சினையிலிருந்து வேறுபடுவது இங்கேதான்.

திட்டம் போட்டு வருகிற கும்பல் வேறு மாதிரி. அவர்கள் வாசலில் துவக்கைக் கண்டால் திட்டத்தை மாற்றுவார்கள். முதல் வெட்டு காவலாளிக்கு விழும். எங்கள் ஊரில் இரவில் கடைக் காவலுக்கு நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயது தாண்டியவர்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, கால் வீங்க நிற்கிறார்கள். பின்னுக்கிருந்து மூன்று பேர் வாளோடு வந்தால் அந்த ஐயா துவக்கைத் தோளிலிருந்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் அந்தத் துவக்கு யார் கையில்? வாளோடு வந்தவன் துவக்கோடு போவான். அடுத்த கொள்ளை அதை வைத்துத்தான் நடக்கும்.

கடையின் அளவையும் பாருங்கள். என் கடை பத்தடிக்குப் பன்னிரண்டடி. வாங்கில் நாலு பேர் டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டோடு இருப்பார்கள், ஒருவர் மடியில் குழந்தை இருக்கும். இதற்குள் ஒரு வெடி வெடித்தால் அது யாரிலே படும் என்று எந்தப் பயிற்சி பெற்றவராலும் உறுதி சொல்ல முடியாது.

அமெரிக்காவில் எல்லாம் பாமசிகளில் ஆயுதக் காவல் இருக்கிறதாமே. அங்கே பலன் கிடைக்கவில்லையா?

அங்கே இந்தப் பிரச்சினை பெரிதானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1996 இல் ஒக்சிகொன்ரின் என்ற வலி மருந்து சந்தைக்கு வந்தது. அடிமையாக்கும் தன்மை குறைவு என்று சொல்லி டொக்டர்மாரிடம் தள்ளினார்கள். 2007 இல் அதைத் தயாரித்த பேர்டியூ நிறுவனம் அந்த மருந்தைப் பற்றித் தவறான தகவல் பரப்பியதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராக மக்கள் அடிமையாகிவிட்டார்கள். மருந்து இருக்கும் இடம் பாமசி. ஆகவே துவக்கு பாமசிக்கு வந்தது.

2011 ஜூன் 19 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்டில், மெட்போர்ட் என்ற ஊரில் ஒருவன் பாமசிக்குள் போய் மருந்தாளரையும், அங்கே வேலை செய்த 17 வயதுப் பிள்ளையையும், மருந்து வாங்க வந்த இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றான். ஆயிரக்கணக்கான வலிக் குளிசைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்தப் பகுதி முழுவதும் "எங்களுக்கும் துவக்கு வேண்டும்" என்ற குரல் எழுந்தது. எழாமல் இருக்குமா?

அதே ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி, அதே லோங் ஐலண்டில் சீபோர்ட் என்ற ஊரில் நடந்ததைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு கொள்ளையன் பாமசிக்குள் வந்து குளிசையும் காசும் கேட்கிறான். மது, புகையிலை, ஆயுதம், வெடிபொருள் குற்றங்களைப் பார்க்கும் மத்திய அரசின் அதிகாரி ஒருவர், அன்று விடுமுறையில் இருந்தவர், தன் தகப்பனின் புற்றுநோய் மருந்தை எடுக்க அங்கே வந்திருக்கிறார். அவரிடம் துவக்கு இருந்தது. அவர் கொள்ளையனை மறித்து, வெளியே இருவரும் கட்டிப் புரள்கிறார்கள். விஷயம் தெரிந்து, பக்கத்துக் கடையில் இருந்த ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி ஒருவரும் விடுமுறையில் இருந்த பொலிஸ்காரர் ஒருவரும் ஓடி வருகிறார்கள். யார் கள்ளன், யார் அதிகாரி என்று தெரியவில்லை. ஓய்வுபெற்ற அதிகாரியின் வெடி அந்த மத்திய அதிகாரியைக் கொன்றது. கொள்ளையனும் மற்றவரின் வெடியில் செத்தான்.

அங்கே நின்ற மூன்று பேரும் வாழ்க்கையெல்லாம் ஆயுதத்தோடு வேலை செய்தவர்கள். எங்கள் வாசலில் நிற்கப் போகிற ஐயாவை விடப் பல மடங்கு பயிற்சி பெற்றவர்கள். அப்படியிருந்தும் அப்பாவுக்கு மருந்து எடுக்க வந்த மனிதர் வீடு திரும்பவில்லை. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

காவலாளி வேண்டாம், நானே லைசன்ஸ் எடுத்து ஒரு துவக்கு வைத்துக்கொண்டால்?

இதற்கும் அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. 2009 மே மாதம் ஒக்லஹோமா நகரில் இரண்டு பொடியன்கள் ஒரு பாமசிக்குள் கொள்ளையடிக்க வந்தார்கள். மருந்தாளர் சுட்டார். 16 வயதுப் பொடியன் தலையில் வெடிபட்டு விழுந்தான், மற்றவன் ஓடினான். அதுவரை மருந்தாளரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஓடியவனைத் துரத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இன்னொரு துவக்கை எடுத்து, விழுந்து கிடந்தவனை மேலும் ஐந்து தடவை சுட்டார். கடையின் கமராவிலேயே எல்லாம் பதிவானது. 2011 இல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு, ஆயுள் தண்டனை. ஒரு நிமிடம் முன்னர் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர், பயமும் ஆத்திரமும் சேர்ந்து கொலைகாரராகிவிட்டார்.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவையிலும் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உயிரையும் சொத்தையும் காக்கலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு "கடையைக் காப்பாற்றினேன்" என்று நீதிமன்றத்தில் நிற்பது இலகுவான விஷயமில்லை.

சட்டப்படி இங்கே ஆயுதக் காவலாளி வைக்கலாமா?

அனுமதி பெற்ற நிறுவனத்தின் மூலம் வைக்கலாம். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. துவக்குக்கு 1916 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். பதிவையும் துவக்கின் அனுமதிப்பத்திரத்தையும் கண்ணால் பார்க்காமல், வாய்ப்பேச்சை நம்பி யாரையும் வாசலில் நிறுத்தாதீர்கள். "தெரிந்த பொடியன் ஒருவன், வீட்டில் துவக்கு இருக்கிறது" என்ற கதைக்கே இடம் கொடுக்க வேண்டாம். அது நேராக மறியலுக்குப் போகிற வழி.

யாழ்ப்பாணத்தார் துவக்கைப் பார்த்துப் பழகியவர்கள்தானே. வருகிற நோயாளிக்கு என்ன பயம்?

பழகியதால்தான் பயம்.

ஆஸ்பத்திரி வீதிக்கு மருந்து எடுக்க வருகிற அறுபது வயது அம்மா, இராணுவக் காவலரணான சென்றிக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி பல வருடம் நடந்தவர். 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படையினர் புகுந்து சுட்டார்கள். நோயாளர், வைத்தியர், தாதியர், ஊழியர் என்று அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அங்கே அவர்களை நினைத்து விளக்கேற்றுகிறார்கள். அந்த ஆஸ்பத்திரியின் துண்டோடுதான் எங்கள் கடைகளுக்குச் சனம் வருகிறது. மருந்தும் துவக்கும் ஒரே வாசலில் நிற்பது இந்த ஊருக்கு என்னவாகத் தெரியும் என்பதை வேறு ஊரில் எழுதிய பாதுகாப்பு ஆலோசனை எதுவும் சொல்லாது.

எங்கள் கடையில் கொள்ளை நடந்த பிறகு இரண்டு மாதம் ஒரு காவலாளியை வைத்திருந்தேன். அவரிடம் பொல்லுக்கூட இல்லை. அவருடைய சீருடையையும் சப்பாத்தையும் கண்டே, வழமையாகப் பிரஷர் குளிசை எடுக்கிற ஒரு அம்மா வீதியில் நின்றுகொண்டு பக்கத்துக் கடைப் பொடியனிடம் துண்டைக் கொடுத்து அனுப்பினார். "உள்ளே வாங்கோ அம்மா" என்று நான் போய்க் கூப்பிட்டேன். "இல்லைத் தம்பி, நான் இதிலேயே நிற்கிறேன்" என்றார். அடுத்த நாள் காவலாளியைச் சாதாரண சேர்ட்டோடு வரச் சொன்னேன்.

இங்கே பாமசிக்கு வருபவன் என்னத்துக்கு வருகிறான்?

முதலாவது காசு. மாலையில் தனியார் சிகிச்சை நிலையங்கள் முடிகிற நேரத்தில் எங்கள் லாச்சி நிரம்பும். மற்றக் கடைகள் பூட்டிய பிறகும் நாங்கள் திறந்திருப்போம். வீதி வெறிச்சோடியிருக்கும். கள்ளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டாவது குளிசை. பிரிகபலின் என்பது நீரிழிவுக்காரரின் நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற நல்ல மருந்து. அதைப் போதைக்காகப் பாவிக்கிற பழக்கம் வடக்கில் பரவி, போதைக் குளிசையோடு இளைஞர் கைது என்ற செய்தி சாதாரணமாகிவிட்டது. ட்ரமடோல் என்ற வலி மருந்தும் சில நித்திரைக் குளிசைகளும் அதே கதை.

இங்கே எங்கள் தொழிலுக்குள்ளேயே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். 2015 ஆம் ஆண்டின் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அனுமதி எடுத்து, பதிவுபெற்ற மருந்தாளரின் பொறுப்பில்தான் பாமசி நடக்க வேண்டும். அப்படியிருக்க, துண்டு இல்லாமல் இந்தக் குளிசைகளைக் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. அப்படி ஒரு தரம் கொடுத்தால் "இந்தக் கடையில் இருக்கிறது" என்ற செய்தி ஒரே கிழமையில் பரவும். காசு முடிந்த நாளில் அதே பொடியன் அதே கடைக்கு வாளோடு வருவான். கேட்டவுடன் "துண்டு வேண்டும், இல்லாவிட்டால் இல்லை" என்று எல்லாக் கடையும் ஒரே குரலில் சொன்னால் அதுவே பெரிய காவல். ஒரு கடை மட்டும் சொன்னால் அந்தக் கடைக்காரனுக்கு மிரட்டல் வரும். ஆகவே இதைச் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

துவக்கு வேண்டாம் என்றால் வேறு என்னதான் வழி?

நேரப் பூட்டுப் பெட்டகம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரும்புப் பெட்டகம் ஒன்று. அதன் இலக்கத்தை அடித்தவுடன் திறக்காது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, வைத்த நேரம் போன பிறகுதான் திறக்கும். முதலாளி வந்தாலும் மருந்தாளர் கெஞ்சினாலும் அந்த நேரத்தைக் குறைக்க முடியாது. ஆபத்தான குளிசை எல்லாம் அதற்குள். வாசலில் பெரிய எழுத்தில் அறிவித்தல்: "இங்கே பெட்டகம் உடனே திறக்காது." கொள்ளையடிப்பவனிடம் இல்லாத ஒரே பொருள் நேரம். ஒன்றரை நிமிடத்தில் எடுத்துக்கொண்டு ஓட வந்தவன் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்கமாட்டான்.

சிவிஎஸ் என்ற பெரிய அமெரிக்க மருந்துக்கடை நிறுவனம் 2015 இல், பாமசிக் கொள்ளை மிக மோசமாக இருந்த இண்டியானாபொலிஸ் நகரக் கடைகளில் இதைப் பொருத்தியது. அங்கே தன் கடைகளில் கொள்ளை 70 வீதம் குறைந்தது என்று அந்த நிறுவனம் அறிவித்து, மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2015 இல் எல்லாப் பாமசிக்கும் இதைக் கட்டாயமாக்கியது. பிறகு அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று தொடர்ந்தது. ஆயுதக் காவலாளியைக் கட்டாயமாக்காமல் இதைக் கட்டாயமாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒன்ராறியோவின் ஸ்காபரோவில் இருக்கிற உங்கள் சொந்தக்காரரிடம் கேட்டால், அவர் மருந்து எடுக்கிற கடைக் கதவில் அந்த அறிவித்தல் ஒட்டியிருப்பதைச் சொல்வார்.

நோயாளிக்குச் சிரமம் இல்லையா என்று கேட்பார்கள். துண்டைக் கண்டவுடன் இலக்கத்தை அடித்துவிட்டு மற்ற மருந்துகளை எடுக்கத் தொடங்கினால், பெரும்பாலும் எல்லாம் ஒன்றாக முடியும்.

அந்தப் பெட்டகத்துக்கு என்னிடம் வசதி இல்லை. என்ன செய்யலாம்?

அதன் நோக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கையில் கிடைப்பது குறைவாக இருக்க வேண்டும், எடுக்க நேரம் செல்ல வேண்டும். நான் செய்தவை இவை. ஆபத்தான குளிசையை மாதக் கணக்கில் வாங்கி அடுக்காமல், இரண்டு மூன்று நாளுக்குப் போதுமான அளவு மட்டும் வைக்கிறேன். அது நிலத்தோடு ஆணி அடித்த இரும்பு அலுமாரிக்குள், இரண்டு பூட்டோடு. ஒரு திறப்பு மருந்தாளரிடம், மற்றது கடைக்குப் பின்னால் வீட்டில். மத்தியானமும் மாலை ஐந்துக்கும் காசை எடுத்துவிடுகிறோம், ஒரே நேரத்தில் ஒரே வழியால் போவதில்லை. லாச்சியில் மிச்சக்காசு கொடுக்கப் போதுமானது மட்டும்.

கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்த மருந்து விளம்பரங்களைக் கிழித்தேன். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இப்போது வீதியில் போகிறவனுக்கு உள்ளே நடப்பது தெரிகிறது. வாசலில் பிரகாசமான விளக்கு. ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டுக் கணக்குப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். அதுதான் எங்களை மாட்டியது: வெளியே யாருக்கும் தெரியாது, உள்ளே இருப்பவருக்கு ஓட வழியும் இல்லை. இப்போது பூட்டினால் முழுதாகப் பூட்டுகிறோம். இரவு ஏழுக்குப் பிறகு தனிய ஒருவரும் நிற்பதில்லை. ஆயுதக் காவலாளிக்குக் கொடுக்க நினைத்த காசில்தான் இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் போகிறது. அந்த ஆள் மருந்தும் எடுத்துக் கொடுப்பார்.

சிசிரிவி கமரா போதாதா?

நடந்த பிறகு பொலிஸுக்கு உதவும். தலைக்கவசம் போட்டு வருபவனை அது தடுக்காது. கமராவை உயரத்தில் மட்டும் பொருத்தினால் தொப்பியும் தலைக்கவசமும்தான் விழும். ஒன்று முகமட்டத்தில், வாசலைப் பார்த்தபடி இருக்கட்டும். "தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வரவும்" என்ற அறிவித்தலும் வையுங்கள்.

ஆயுதம் இல்லாத காவலாளியால் பலன் உண்டா?

உண்டு. கள்ளனோடு சண்டை பிடிக்க அவர் தேவையில்லை. வருகிறவரைப் பார்த்து "வாங்கோ, என்ன வேணும்?" என்று கேட்டாலே போதும். வேவு பார்க்க வருகிறவன் தன் முகத்தை ஒருவர் கவனிப்பதை விரும்பமாட்டான். எங்கள் வீதியில் ஐந்தாறு கடைகள் சேர்ந்து மாலை ஆறிலிருந்து பத்து வரை ஒருவரைப் போடலாம் என்று கேட்டு வருகிறேன். அவருக்கு ஒரு கதிரையும் தேத்தண்ணியும் மரியாதையும் கொடுக்க வேண்டும்.

பக்கத்து ஊர்க் கடைக்குத்தானே போவார்கள்?

சிலர் போவார்கள். அதனால்தான் திருநெல்வேலியில் ஒரு கடை, சுன்னாகத்தில் ஒரு கடை என்று தனித்தனியாகச் செய்யாமல், சாவகச்சேரி, நெல்லியடி வரை எல்லோரும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்கிறேன். கனடாவில் மாகாணம் முழுவதற்கும் ஒரே விதி வைத்ததும் இதற்காகத்தான்.

அப்படியென்றால் ஆயுதக் காவல் எங்குமே வேண்டாமா?

சனம் வந்து போகாத மருந்துக் களஞ்சியத்துக்கு, பெருந்தொகைக் காசு வங்கிக்குப் போகிற வாகனத்துக்கு, முறையான நிறுவனத்தின் ஆயுதக் காவல் நியாயம். அங்கே வாங்கில் குழந்தையோடு யாரும் இருக்கமாட்டார்கள்.

வந்தே விட்டால் என்ன செய்வது?

கொடுத்துவிடுங்கள். காசையும் கொடுங்கள், குளிசையையும் கொடுங்கள். கைகள் தெரியும்படி வையுங்கள். எதை எடுக்கப் போனாலும் "லாச்சியைத் திறக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். பெட்டகம் இருந்தால், "இலக்கம் அடித்திருக்கிறேன், பத்து நிமிடம் செல்லும்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். முகத்தை முறைத்துப் பார்க்க வேண்டாம். சப்பாத்து, கையில் உள்ள தழும்பு, பேசிய விதம், போன திசை, இவற்றை மனதில் வையுங்கள். துரத்த வேண்டாம். அவன் போனதும் கதவைப் பூட்டி, 119 க்கு அடியுங்கள். யாருக்காவது காயம் என்றால் 1990 அம்புலன்ஸ். அவன் தொட்ட இடத்தைத் துடைக்காதீர்கள். எடுத்த மருந்துகளின் பெயரையும் எண்ணிக்கையையும் அன்றே எழுதி, முறைப்பாட்டோடு கொடுங்கள்.

அடுத்த நாள் கடையைத் திறக்கலாமா?

நான் திறந்தேன். இன்சுலின் எடுக்க வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அன்று என்னோடு நின்ற பிள்ளையின் வீட்டுக்கு நான் போனது நாலாவது நாள். அது பிழை. முதல் நாளே போயிருக்க வேண்டும். கதவடியில் நின்று அவளுடைய அம்மா சொன்னார், ஷட்டர் இழுக்கிற சத்தம் எங்கே கேட்டாலும் பிள்ளை எழும்பி உள்ளறைக்குப் போகிறாளாம். சம்பளத்தோடு லீவு கொடுங்கள். ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் கூடவே போங்கள். திரும்பி வருவதாக இருந்தால் பகல் வேலைக்கு வரட்டும், மாலையில் பூட்டுகிற வேலையை வேறு ஆள் பார்க்கட்டும்.